18 ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல் கேலிச்சித்திர அச்சு: அடையாளம் காண, படிக்க, நேரில் பார்க்க, வாங்க

ஜேம்ஸ் கில்ரேயோ தாமஸ் ரோலண்ட்சனோ போட்ட ஒரு படம் கைப்பேசியில் கண்ணில் பட்டு, யார் இந்தக் குண்டு மனிதர், எதற்கு யானை மேல் உட்கார்ந்திருக்கிறார், அசல் எங்கே இருக்கிறது, விலைக்குக் கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தகவலுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அதிலும் பாதி, ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது. நான் தட்டுத் தடுமாறிச் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். கேலிச்சித்திரத்தின் வரலாற்றைச் சொல்லப் போவதில்லை, அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. இங்கே இருப்பதெல்லாம் காகிதம், செலவு, நேரம், ஏமாறும் இடங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்க்கும் முன் அதன் அடி விளிம்பைப் பாருங்கள். மற்ற எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

1. அடி விளிம்பில் உள்ள வரியைப் படியுங்கள்

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: வெளியிட்டவர் பெயர், தேதி, கடை முகவரி. இது அலங்காரத்துக்குப் போட்டதல்ல, சட்டம் கேட்டது. வில்லியம் ஹோகார்த்தும் சக செதுக்கோவியர்களும் நாடாளுமன்றத்திடம் மனுக் கொடுத்து வாங்கிய சட்டம் 1735 ஜூன் 24 இல் நடைமுறைக்கு வந்தது. படத்தைச் செதுக்கி அச்சிடும் செப்புத் தகட்டில் உரிமையாளர் பெயரும் வெளியான தேதியும் இருந்தால் 14 ஆண்டுக் காப்புரிமை. 1767 இல் அதை 28 ஆண்டாக நீட்டினார்கள். காப்புரிமை வேண்டிய கடைக்காரர்கள் தாங்களாகவே நாள் குறித்து வைத்துவிட்டதால், ஒவ்வொரு படமும் கையில் பிறப்புச் சான்றிதழோடு வருகிறது. நமக்கு அது பெரிய வசதி.

முகவரியையும் விட்டுவிடாதீர்கள். தேதியைச் சரிபார்க்க உதவும். கில்ரேயின் படங்களை விற்ற ஹன்னா ஹம்ஃப்ரியின் கடை 1790களின் தொடக்கத்தில் ஓல்டு பாண்ட் தெரு 18 இல் இருந்தது, பிறகு நியூ பாண்ட் தெரு 37, 1797 முதல் செயின்ட் ஜேம்ஸ் தெரு 27. ஆகவே 1792 என்று தேதி போட்டு செயின்ட் ஜேம்ஸ் தெரு முகவரி இருந்தால், தகட்டில் பிற்பாடு கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எஸ். டபிள்யூ. ஃபோர்ஸ் பிக்கடில்லியில், வில்லியம் ஹாலந்து ஆக்ஸ்ஃபோர்டு தெருவில். இந்த மூன்று கடைகளை மட்டும் நினைவில் வைத்தாலே 1780, 90களின் படங்களில் பெரும்பகுதி பழக்கமாகிவிடும்.

இந்த வரியில் வழுக்கும் இடங்கள் சில.

தேதி 1752க்கு முந்தையதா? அப்படியானால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள தேதிகளை நம்பாதீர்கள். அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 இல். 1740 பிப்ரவரி என்று போட்டிருந்தால் நம் கணக்கில் அது 1741 ஆக இருக்கலாம். பிரதமர் ராபர்ட் வால்போல் காலத்துப் படங்களைத் தேடுபவர்களை இது வெகுவாக அலைய வைக்கும்.

தகட்டில் உள்ளது தகட்டின் தேதி. காகிதத்தின் தேதி அல்ல. தகடு இருக்கும் வரை யார் வேண்டுமானாலும் மறுபடி மை தடவி அச்சிடலாம், தேதி அப்படியே விழும். வாங்கும் இடத்தில் இதை விரிவாகச் சொல்கிறேன்.

எழுத்துகள் குழப்பும். அன்றைய எஸ் எழுத்து சொல்லின் நடுவில் எஃப் போலவே தெரியும். தலைவர்களின் பெயரில் நடு எழுத்துகளை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருப்பார்கள். பிரதமர் வில்லியம் பிட்டின் பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்துமே மிஞ்சும். அவதூறு வழக்குக்கு அது எத்தனை தூரம் தடுப்பாக இருந்தது என்பது வேறு கதை. வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஆள் யார் என்று தெரிந்துதான் இருந்தது. ஓரத்தில் வரும் லத்தீன் சுருக்கங்களில் இன்வ் என்றால் கற்பனை இவருடையது, டெல் என்றால் வரைந்தவர், ஸ்கல்ப் என்றால் செதுக்கியவர், ஃபெசிட் என்றால் ஆக்கியவர். கில்ரே பல நேரங்களில் பிறர் கொடுத்த யோசனைக்குப் படம் போட்டார். அங்கே இரண்டு பெயர் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எண்ணைப் பிடியுங்கள்

இந்தத் துறையில் எல்லாரும் ஒரே எண்ணை வைத்துத்தான் பேசுகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடமுள்ள அரசியல், தனிநபர்க் கேலிச்சித்திரங்களுக்கு 1870 முதல் 1954 வரை 11 தொகுதிகளில் ஒரு பட்டியல் வெளியிட்டது. முதல் நான்கு தொகுதிகள் ஃபிரெடரிக் ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ் செய்தவை, மீதி ஏழும் டோரதி ஜார்ஜ் என்ற அம்மையார் செய்தவை. 17,000க்கு மேற்பட்ட படங்கள், 1832 வரை. வணிகர்களும் ஆய்வாளர்களும் பி.எம். சாட்டயர்ஸ் என்று எழுதி ஒரு எண் போட்டிருந்தால் அது இந்தப் பட்டியலின் எண்.

பதினோரு தொகுதியையும் தேடி ஓட வேண்டாம். ஜார்ஜ் அம்மையார் எழுதிய விளக்கங்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தின் இணையத் தேடல் பக்கத்தில் ஏறிவிட்டன, இலவசம். படத்தில் யார் யார், யார் வாயிலிருந்து என்ன வசனம் வருகிறது, எந்தச் சம்பவம் என்று பொறுமையாகச் சொல்லியிருப்பார். அவர் கருத்தோடு ஒத்துப்போகாத இடங்கள் எனக்கு உண்டு. ஆனாலும் புதிதாக வருபவர் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலைப்பை அடித்துத் தேடினால் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். அன்றைய எழுத்துக்கூட்டல் வேறு, கில்ரே வேண்டுமென்றே தப்பாகவும் எழுதுவார். வெளியீட்டாளர் பெயரையும் ஆண்டையும் போட்டு வடிகட்டுங்கள். அல்லது படத்தில் உள்ள தலைவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள்.

கிடைத்ததும் இரண்டு எண்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பட்டியல் எண். அது படத்துக்கு உரியது. இன்னொன்று அருங்காட்சியக எண். அது அவர்களிடம் இருக்கும் அந்த ஒரு தாளுக்கு உரியது. 1868,0808 என்று தொடங்கினால் 1868 ஆகஸ்ட் 8 அன்று கணக்கில் சேர்த்த தொகுப்பு என்று பொருள். எட்வர்ட் ஹாக்கின்ஸ் சேர்த்து வைத்திருந்த பெரிய குவியல் இப்படித்தான் வந்தது. ஒரே படத்துக்கு வண்ணம் தீட்டிய தாள், தீட்டாத தாள் என்று இரண்டு மூன்று அருங்காட்சியக எண்கள் இருக்கலாம். நேரில் பார்க்கக் கேட்கும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

அங்கே இல்லாவிட்டால் அடுத்து இரண்டு இடம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஃபார்மிங்டனில் யேல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வால்போல் நூலகம், வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகம். பின்னதில் உள்ளவை பெரும்பாலும் விண்ட்சர் அரண்மனையில் இருந்து 1921 இல் வாங்கியவை. இரண்டிலும் நல்ல பெரிய அளவுப் படங்களை இறக்கிக்கொள்ளலாம்.

3. அந்த வாரத்தைத் தேடுங்கள்

வழிகாட்டியின் முக்கியமான பகுதி இதுதான். எண்ணும் தேதியும் கிடைத்துவிட்டன. இனி அந்தத் தேதிக்கு முன்பு லண்டனில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இந்தப் படங்கள் சுவரில் மாட்டும் ஓவியமாகப் பிறக்கவில்லை. அந்த வாரச் சண்டைக்காக அவசரமாகச் செதுக்கி, கடைச் சன்னலில் தொங்கவிட்டு, வெறும் தாள் ஆறு பென்ஸ், வண்ணம் தீட்டியது ஒரு ஷில்லிங் என்ற கணக்கில் விற்றவை. பெரிய தாளுக்கு இன்னும் கூடும்.

ஒரு படத்தை எடுத்துச் செய்து காட்டுகிறேன். ஜேம்ஸ் சேயர்ஸ் போட்ட "கார்லோ கான் லெடன்ஹால் தெருவுக்குள் வெற்றி உலா வருதல்". பட்டியல் எண் 6276. அடி விளிம்பில் புரூட்டன் தெரு தாமஸ் கார்னெல் பெயரும் 1783 டிசம்பர் 5 என்ற தேதியும் இருக்கும். அன்றைய கூட்டணி அரசின் வெளியுறவு அமைச்சர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் மொகலாயர் உடையில் யானை மேல் வருகிறார். யானைக்கு அவருடைய கூட்டணிக் கூட்டாளி லார்டு நார்த்தின் முகம். முன்னால் எக்காளம் ஊதிக்கொண்டு ஃபாக்ஸின் கட்சிக்காரர் எட்மண்ட் பர்க். பின்னணியில் லெடன்ஹால் தெருக் கட்டடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம்.

இப்போது தேதிகளை வரிசையாக எழுதுங்கள். நவம்பர் 18 அன்று ஃபாக்ஸ் இந்திய மசோதாவை முன்வைக்கிறார். கம்பெனியின் நிர்வாகத்தை எடுத்து ஏழு ஆணையர்களிடம் கொடுப்பது திட்டம். அந்த ஏழு பேரும் ஆளும் கூட்டணியின் ஆட்கள். டிசம்பர் 8 அன்று 208க்கு 102 என்று மக்களவையில் நிறைவேறுகிறது. டிசம்பர் 17 அன்று பிரபுக்கள் சபை 95க்கு 76 என்று தோற்கடிக்கிறது. மறுநாள் இரவு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அமைச்சரவையைக் கலைக்கிறார். 19 அன்று 24 வயது வில்லியம் பிட் பிரதமர்.

படம் எங்கே விழுகிறது? டிசம்பர் 5. மசோதா இன்னும் மக்களவையையே தாண்டவில்லை. "வெற்றி உலா" என்ற தலைப்பைப் பார்த்து ஃபாக்ஸ் ஜெயித்த பிறகு வந்த படம் என்று நினைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். வரைந்தவருக்கு முடிவு தெரியாது. நடந்துவிடுமோ என்ற பயத்தை விற்றிருக்கிறார். அந்த உலா நடக்கவே இல்லை. சேயர்ஸின் படங்கள் நாடாளுமன்ற விவாதங்களைவிடத் தனக்கு அதிகக் கேடு செய்தன என்று ஃபாக்ஸ் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பிட் ஆட்சிக்கு வந்த பின் சேயர்ஸுக்கு அரசுப் பதவி ஒன்றும் கிடைத்தது. யாருக்காக வரைந்தார் என்ற கேள்வியை எப்போதும் கேளுங்கள். கில்ரேக்கும் 1797 முதல் சில ஆண்டுகள், ஆண்டுக்கு 200 பவுண்டு அரசுத் தரப்பிலிருந்து போனது.

இந்தியச் செய்தி சார்ந்த படங்களில் இன்னொரு சிக்கல், கப்பல். 1791 மே மாதக் கடைசியில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கினார். கில்ரே அதைப் படமாகப் போட்டது டிசம்பரில். கோட்டை மேல் நிற்கும் திப்பு சுல்தான் ஆங்கிலப் படைக்குக் கொடுக்கும் வழியனுப்பு கொஞ்சம் ஆபாசமானது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே தேட வேண்டியது சம்பவம் நடந்த வாரத்தை அல்ல, செய்தி லண்டனில் இறங்கிய காலத்தை. நம் ஊர்ப் பக்கத்துப் படங்களைத் தேடுபவர்கள் ஐந்தாறு மாத இடைவெளியை எப்போதும் விட்டுத் தேடுங்கள்.

சில படங்கள் சம்பவத்துக்குத் தாமதமாகவும் வரும். 1797 பிப்ரவரி கடைசியில் இங்கிலாந்து வங்கி நோட்டுக்குப் பதில் தங்கம் கொடுப்பதை நிறுத்தியது. மார்ச்சில் ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகள் வந்தன. கில்ரே அந்த நோட்டுகளையே ஒரு கிழவிக்கு உடையாக்கி, பெட்டிமேல் உட்கார வைத்து, பிட் அவளிடம் காதல் பண்ணிக்கொண்டே சட்டைப்பையில் கை விடுவதாக வரைந்தது மே 22 இல். பட்டியல் எண் 9016. திரெட்நீடில் தெருக் கிழவி என்று அந்த வங்கிக்கு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டப்பெயர் இந்தப் படத்தால் பரவியதுதான்.

தேடும் இடங்கள்: உறுப்பினர்கள் யார், எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பதற்கு நாடாளுமன்ற வரலாற்றுத் திட்டத்தின் இணையதளம், இலவசம். 1803க்கு முந்தைய விவாதங்களை ஹான்சார்டில் (நாடாளுமன்ற விவாதப் பதிவு) தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையதற்கு வில்லியம் காபெட் பெயரில் வந்த நாடாளுமன்ற வரலாற்றுத் தொகுதிகள் உண்டு. பழைய புத்தகங்களை வைத்திருக்கும் இணைய நூலகங்களில் அவை கிடைக்கும். செய்தித்தாளுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் பர்னி தொகுப்பு. வீட்டிலிருந்து பார்க்கப் பல்கலைக்கழகச் சந்தா வேண்டும். பிரிட்டனில் வசிப்பவர் என்றால் உள்ளூர் நூலக அட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி போன்ற கட்டணத் தளங்கள் பலவும் அந்த அட்டை எண்ணிலேயே திறக்கும்.

4. முகங்களைப் பழகிக்கொள்ளுங்கள்

நாலைந்து பேரைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றவர்கள் தானாக வந்து சேருவார்கள். கரடி போல உடம்பு, அடர்ந்த கறுத்த புருவம், மழிக்காத தாடை: ஃபாக்ஸ். சில நேரம் பெயருக்கேற்ப நரியாகவே வருவார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு தொப்பியில் மூவண்ணக் குஞ்சம் சேர்ந்துகொள்ளும். ஒட்டடைக் குச்சி போல் ஒல்லி, மேல்நோக்கிய கூர்மூக்கு: பிட். மூக்குக்கண்ணாடியும் நீண்ட மூக்கும், பாதி நேரம் கத்தோலிக்கப் பாதிரி அங்கியும்: பர்க்; அயர்லாந்துக்காரர் என்பதால் அந்தக் குத்தல். குடித்துச் சிவந்த மூக்கு: நாடக ஆசிரியரும் ஃபாக்ஸின் கட்சிக்காரருமான ஷெரிடன். கட்டம் போட்ட ஸ்காட்லாந்துத் துணி: பிட்டின் அமைச்சர் ஹென்றி டண்டாஸ். மூன்று இறகு தெரிந்தால் வேல்ஸ் இளவரசர்.

1760களில் ஆளே இல்லாமல் ஒரு பெரிய பூட்ஸ் மட்டும் தொங்கினால் அது மூன்றாம் ஜார்ஜின் பிரதமராக இருந்த பியூட் பிரபு. பக்கத்தில் பாவாடை இருந்தால் மன்னரின் தாயார். இருவரையும் சேர்த்துப் பேசிய வம்பு அது.

முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. இந்தப் படங்களில் மலமூத்திரமும் ஆபாசமும் தாராளம். பிரெஞ்சுக்காரர், ஐரிஷ்காரர், யூதர், கறுப்பினத்தவர் எல்லாரையும் இழிவாக வரைவது வழக்கமாகவே இருந்தது. வகுப்பறையிலோ குடும்பத்தோடோ திறக்கும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. அசலை நேரில் பார்க்க

கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதைச் சொல்லவில்லை. மேசை மேல் வைத்துத் தாளைப் பார்ப்பது. இது யாருக்கும் கிடைக்கும், பேராசிரியராக இருக்கத் தேவையில்லை. புதிதாக வருபவர்கள் கேட்கவே தயங்குவதுதான் பிரச்சினை.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சு, கோட்டோவியப் பிரிவுக்கு ஒரு பார்வை அறை உண்டு. கட்டணம் இல்லை. முன்பதிவு கட்டாயம். மின்னஞ்சலில் உங்கள் பெயர், வர விரும்பும் நாள், மாற்று நாள் ஒன்று, பார்க்க வேண்டிய தாள்களின் அருங்காட்சியக எண்கள், எதற்காக என்று இரண்டு வரி. இவ்வளவு போதும். "தனிப்பட்ட ஆர்வம்" என்று எழுதினாலே ஏற்பார்கள். "கில்ரே படங்கள் எல்லாம்" என்று எழுதாதீர்கள், பதில் கேள்வியாகத்தான் திரும்பி வரும். முதல் முறைக்குப் பத்துப் பன்னிரண்டு தாளுக்கு மேல் கேட்காதீர்கள். ஒரு தாளை ஒழுங்காகப் படிக்க அரை மணி நேரம் சர்வசாதாரணமாகப் போகும்.

குறைந்தது ஒரு மாதம் முன்பே எழுதிவிடுங்கள். கோடை விடுமுறைக் காலத்துக்கு இன்னும் முன்னால். திறந்திருக்கும் நாட்களை அவர்கள் பக்கத்தில் பார்த்த பிறகே விமானச் சீட்டு எடுங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கும் எல்லா நாளும் அந்த அறை திறந்திருக்காது.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், தற்போதைய முகவரி உள்ள ஒரு காகிதம் (வங்கிக் கணக்கு அறிக்கை போதும்), முன்பதிவு உறுதி மின்னஞ்சலின் அச்சு, பென்சில். பேனாவை வெளியே எடுக்கவே கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாமா என்று அங்கே உள்ளவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கொண்டுபோனால் பொடி எழுத்துக்கு உதவும்.

பயணக் காகிதம்: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு சாதாரண வருகை விசா வேண்டும். 2025 இல் ஆறு மாத விசாவுக்கு 127 பவுண்டாக இருந்தது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம். மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், மின்னணு அனுமதி போதும், 2025 இல் அதற்கு 16 பவுண்டு. பார்வை அறைக்கு மட்டும் என்று ஒரு பயணத்தைப் போடாதீர்கள். லண்டனுக்குப் போகும் காரியம் வேறு ஏதாவது இருக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும்.

6. சொந்தமாக ஒன்று வாங்க

கோடீஸ்வரர் விவகாரம் என்று நினைத்துப் பலர் கிட்டேயே போவதில்லை. பிரபலமில்லாத கலைஞர், பிரபலமில்லாத மசோதா என்றால் 18 ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட தாளே நூறு இருநூறு பவுண்டுக்குக் கிடைக்கும். கில்ரேயின் நல்ல வண்ணத் தாள் என்றால் பல நூறு, ஆயிரங்களுக்கும் போகும். புகழ்பெற்ற படங்களை மறந்துவிடுங்கள்.

ஏமாறுவதற்கு வசதியான ஒரு இடத்தை இப்போது சொல்கிறேன். கில்ரேயின் தகடுகள் அவர் இறந்த பிறகும் இருந்தன. ஹென்றி போன் என்ற பதிப்பாளர் அவற்றை வாங்கி 1851 இல் பெரிய தொகுதியாக மறுபடி அச்சிட்டார். அதே தகடு, அதே கோடு, அதே 1790களின் தேதி. ஆனால் தாள் 1851. இந்தத் தொகுதிகளைப் பிரித்துத் தனித்தனித் தாளாகத்தான் சந்தையில் பெரும்பாலும் விற்கிறார்கள். "அசல் தகட்டிலிருந்து" என்று விளம்பரத்தில் இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் நீங்கள் நினைக்கும் பொருளும் இல்லை.

கண்டுபிடிப்பது எளிது. போன் பதிப்புத் தாள் தடிமனாக இருக்கும். மேல் மூலையில் ஒரு வரிசை எண் இருக்கும். முதுகில் இன்னொரு படம் இருக்கும், ஏனெனில் இரு பக்கமும் அச்சிட்டார்கள். அவர் வெளியிட்டது வண்ணமில்லாத தாள். வண்ணம் இருந்தால் யாரோ பின்னால் தீட்டியது. வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சுவரில் மாட்ட, பாடம் நடத்த, கோடு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க அது போதும், நானே பரிந்துரைப்பேன். விலை மட்டும் அதற்கேற்ற விலையாக இருக்க வேண்டும். ஹோகார்த் தகடுகளும் இப்படியே 19 ஆம் நூற்றாண்டிலும் ஓடின.

விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

முழுத் தாளின் முன்பக்கப் படம், ஓரம் வெட்டாமல். பின்பக்கப் படம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம். இந்த மூன்றாவதை அனுப்பத் தயங்குகிறார் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

வெளிச்சத்தில் என்ன பார்ப்பது? பழைய வகைத் தாளில் இரண்டரை சென்டிமீட்டர் அளவு இடைவெளியில் நீளக் கோடுகளும், குறுக்கே நெருக்கமான வரிகளும் தெரியும். வழவழப்பான, கோடில்லாத தாள் 1750களின் பிற்பகுதியில் வாட்மன் ஆலையில் தொடங்கி 1790களில் பரவலானது. கோடில்லாத தாளில் 1740இன் படம் என்றால் அது பிற்கால அச்சு. இன்னும் நல்ல சாட்சி வாட்டர்மார்க். 1794 சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலேய ஆலைகள் ஆண்டையும் தாளில் பதிக்கத் தொடங்கின. 1795 தேதியிட்ட படத்தின் தாளில் 1818 என்று தெரிந்தால் விஷயம் முடிந்தது. விலையைப் பேசலாம், அல்லது வணக்கம் சொல்லலாம்.

தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளம் தாளில் நாலு பக்கமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல தாள்களை ஆல்பத்தில் ஒட்டுவதற்காக அதற்கு உள்ளேயே வெட்டிவிட்டார்கள். பக்கங்கள் வெட்டுப்பட்டால் பொறுத்துக்கொள்ளலாம். அடி விளிம்பு வரி போய்விட்டால் தேதியும் முகவரியும் போயின, விலை நன்றாகக் குறைய வேண்டும்.

இடமும் வலமும் மாறித் தெரிந்தால் அது திருட்டுப் பிரதியாக இருக்கலாம். அந்தக் காப்புரிமைச் சட்டம் அயர்லாந்துக்குச் செல்லவில்லை என்பதால் டப்ளின் கடைகள் லண்டன் படங்களைத் தாராளமாகப் பார்த்துச் செதுக்கின. இவற்றையும் சேகரிப்பவர்கள் உண்டு, ஆனால் கில்ரே விலைக்கு அல்ல.

ஏலத்தில் எடுப்பதானால் சுத்தியல் விழும் விலையை விலையென்று நினைக்காதீர்கள். 200 பவுண்டுக்கு விழுந்தது என்று வையுங்கள். வாங்குபவர் கட்டணம் பல இடங்களில் 25 சதவீதம் அளவில் இருக்கும்: 50. அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி: 10. ஆக 260. இணையத் தளம் வழியாகக் கேட்டால் அதற்கும் சில சதவீதம். பிறகு கட்டி அனுப்பும் செலவு. சிறிய ஏல வீடுகள் தாமே அனுப்பாமல் வெளி ஆளைக் கைகாட்டும். 200 என்று மனதில் போட்டது 300ஐத் தாண்டுவது வழக்கம். வரம்பை முன்பே எழுதி வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கலைஞர் மறுவிற்பனை உரிமை என்று யாராவது ஒரு தொகை சேர்த்தால் கேள்வி கேளுங்கள். கலைஞர் இறந்து 70 ஆண்டு தாண்டியவற்றுக்கு அது கிடையாது.

முதல் தாளை வணிகரிடமே வாங்குவது நல்லது என்பது என் கருத்து. கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் ரசீதில் "வெளியான காலத்து அச்சு, அக்கால வண்ணம்" என்று எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

7. ஊருக்குக் கொண்டுவருதல்

சாதாரண விலையில் உள்ள அச்சுக்குப் பிரிட்டனில் ஏற்றுமதி உரிமம் தேவைப்படாது. விலையுயர்ந்த தாள் என்றால் விற்பவரே கேட்டுச் சொல்ல வேண்டும். சுங்கத்தில்தான் கவனம். "போஸ்டர்", "அச்சிட்ட படம்" என்று பார்சலில் எழுதினால் வேறு தலைப்பில் போய்விடும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட அசல் செதுக்கு அச்சுகளுக்கு உலகச் சுங்கப் பட்டியலில் 9702 10 என்ற தனி எண் இருக்கிறது. விற்பவர் இந்த எண்ணையும், கலைஞர், ஆண்டு, விலை ஆகியவற்றையும் விலைப்பட்டியலில் போட வேண்டும். வரி விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் வாரத்தில் பாருங்கள். விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருளை நாட்டை விட்டு எடுத்துச் செல்வதை 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பின்னாளில் வேறு நாட்டுக்குக் குடிபோகும்போதோ விற்கும்போதோ விமான நிலையத்தில் கேள்வி வரும். வெளிநாட்டில் வாங்கி உள்ளே கொண்டுவந்ததற்கான ரசீது, சுங்கச் சீட்டு, அனுப்பிய உறையின் படம் எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வையுங்கள். பிற்பாடு வெளியே எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படத்தை வாங்காமல் கட்டுரையிலோ புத்தகத்திலோ போட மட்டும் வேண்டும் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பிரிட்டிஷ் மியூசியப் படங்களை லாப நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக எடுக்கலாம். விற்கும் புத்தகம் என்றால் அவர்களிடம் கட்டணம், ஆகவே அதே படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்திலோ காங்கிரஸ் நூலகத்திலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெட்ரோபாலிடன் தளத்தில் காப்புரிமை இல்லாதவை (பப்ளிக் டொமைன்) என்று குறித்தவற்றை எதற்கும் பயன்படுத்தலாம்.

8. வந்த பிறகு

லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். தெருமுனையில் படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும் கடையில் தாளை அட்டையில் பசை தடவி ஒட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று தடுங்கள். அமிலமில்லாத அட்டை, மேல் விளிம்பில் ஜப்பானியத் தாள் கீலும் கோதுமை மாவுப் பசையும், படத்தைத் தொடாத இடைவெளியோடு கண்ணாடி. வண்ணம் தீட்டிய தாளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகக் கணக்கு. சன்னலுக்கு எதிர்ச் சுவர் ஆகாது. கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் எண், விற்றவர், தேதி, கொடுத்த விலை இவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள், தாளின் முதுகில் வேண்டாம், அட்டையில்.